ஹாரி பேட்ச்: நான்கு மாதப் போரும் நூற்றுப் பதினொரு ஆண்டு வாழ்வும்

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நின்று போரிட்டவர்களில் கடைசிவரை உயிரோடிருந்தவர் ஹாரி பேட்ச். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1898 ஜூன் 17 அன்று பிறந்தார். 2009 ஜூலை 25 அன்று அதே சாமர்செட்டில் காலமானார். மூன்று நூற்றாண்டுகளைத் தொட்ட 111 ஆண்டு வாழ்வு அது. அதில் போர்முனையில் கழிந்தது ஏறத்தாழ நான்கு மாதம். மற்றக் காலமெல்லாம் அவர் குழாய் வேலை செய்து பிழைத்தார், குடும்பம் நடத்தினார், இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்த்தார். மனைவியைப் பறிகொடுத்தார். பெற்ற பிள்ளைகள் இருவரும் தமக்கு முன்னே போவதையும் பார்த்தார். உலகம் அவரைத் தேடி வந்தது அந்த நான்கு மாதத்துக்காக. அவரோ நூறு வயதுவரை அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. ஒரு படைவீரரை நினைவுகூரும்போது போருக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, வாழ்வுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கேள்விக்கு அவருடைய வரலாற்றில் தெளிவான விடை உண்டு.

கல்தச்சர் வீட்டுக் கடைக்குட்டி

பாத் நகரை ஒட்டிய குன்றின்மேல் உள்ள சிற்றூர் கூம் டவுன். அந்த ஊரின் அடியிலிருந்து வெட்டியெடுத்த மஞ்சள் கலந்த சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுதான் பாத் நகரின் மாளிகைகளும் வீதிகளும் எழும்பின. ஹாரியின் தந்தை அவ்வூரில் கல்தச்சர். மூன்று ஆண்பிள்ளைகளில் ஹாரி கடைக்குட்டி. தோட்டமும் பழமரங்களும் உள்ள வீடு, கைத்தொழில் தெரிந்த தகப்பன், ஊர்ப் பள்ளிக்கூடம் என்று அமைந்த குழந்தைப் பருவம் அது. விக்டோரியா மகாராணி ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பிறந்த உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் வாய்த்த வாழ்க்கையிலிருந்து அது பெரிதும் மாறுபட்டதல்ல.

பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, பாத் நகரில் ஒருவரிடம் குழாய் வேலை கற்கச் சேர்ந்தார். அக்காலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதி ஈயத்தோடு செய்வது. ஈயக் குழாயைச் சூடாக்கி வளைக்க வேண்டும். உருகிய பற்றுலோகத்தை இணைப்பின்மேல் ஊற்றி, அது இறுகுமுன் துணியால் வழித்து உருட்ட வேண்டும். கூரைகளுக்கு ஈயத் தகடு அடிப்பதும் இதே தொழிலாளியின் வேலைதான். கைப்பழக்கத்தால் மட்டுமே வரும் தொழில் என்பதால் சீடனாகப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. ஹாரி அந்தப் பயிற்சியில் இருந்தபோதுதான், 1914 ஆகஸ்டில் போர் மூண்டது.

அவருடைய அண்ணன் ஒருவர் முன்பே ராணுவத்தில் இருந்தார். போரின் தொடக்க மாதங்களிலேயே மோன்ஸ் களத்தில் காயப்பட்டுத் திரும்பினார். பதுங்குகுழிகளின் சேறும் பேனும் குண்டுவீச்சும் எப்படிப்பட்டவை என்பதைச் செய்தித்தாளிலிருந்தல்ல, அண்ணன் வாயிலாகவே ஹாரி கேட்டறிந்தார். கொடி அசைத்துப் பாட்டுப் பாடிப் படையில் சேர்ந்த இளைஞர் கூட்டத்தில் அவர் சேரவில்லை. போருக்குப் போகும் ஆசை தமக்கு எள்ளளவும் இருந்ததில்லை என்பதைப் பின்னாளில் மறைக்காமல் சொன்னார்.

கட்டாயப் படைச்சேர்ப்பு

போர் தொடங்கியபோது பிரிட்டன் தொண்டர்களை நம்பியே படை திரட்டியது. முதல் இரண்டு ஆண்டுகளில் விழுந்த உயிர்களை அந்த முறையால் ஈடுகட்ட முடியவில்லை. 1916 ஜனவரியில் நிறைவேறிய ராணுவப் பணிச் சட்டம் மணமாகாத ஆண்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைத்தது. சில மாதங்களில் மணமானவர்களும் அதன்கீழ் வந்தார்கள். ஹாரிக்கு 1916 ஜூனில் பதினெட்டு வயது நிறைந்தது. அக்டோபரில் அழைப்பாணை வந்தது.

கார்ன்வால் கோமகனின் இலகு காலாட்படை என்ற படைப்பிரிவில் அவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்க்கப்பட்டார். பயிற்சி முடிந்து 1917 ஜூனில், பத்தொன்பது வயது நிறைந்த அந்த மாதத்திலேயே, அப்படைப்பிரிவின் ஏழாவது பட்டாளத்தோடு பெல்ஜியத்தின் ஈப்ர் நகர முனைக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த இடம் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழு.

லூயிஸ் துப்பாக்கி ஏறத்தாழ 13 கிலோ எடை கொண்டது. அதன் தலையில் தட்டு வடிவத்தில் அமரும் தோட்டா வட்டிலில் 47 தோட்டாக்கள் இருக்கும். சில நொடிகளில் அவை தீர்ந்துவிடும். ஆகவே துப்பாக்கியைச் சுமந்து சுடுபவர் முதலாமவர் என்றால், உதிரி பாகங்கள் அடங்கிய பையோடு பக்கத்திலேயே படுத்து, வட்டில் தீரத் தீர மாற்றி, துப்பாக்கி சிக்கிக்கொண்டால் சரிசெய்து தருபவர் இரண்டாமவர். மற்ற மூவரும் தோட்டாக்களைச் சுமந்து வருவார்கள். ஹாரி அந்த ஐவரில் இரண்டாமவர். உலோகத்தோடு பழகிய கை என்பதால் இயந்திரக் கோளாறு பார்ப்பது அவருக்குக் கடினமாக இல்லை.

ஐவரும் ஒரே தட்டில் உண்டார்கள், வீட்டிலிருந்து வந்த பொட்டலங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் இருந்தது. கூடுமானவரை ஆளைக் கொல்வதில்லை. சுடவேண்டி வந்தால் காலைப் பார்த்துத் தாழ்வாகச் சுடுவது. படை ஒழுங்கின் எந்த ஏட்டிலும் இல்லாத அந்த விதியை ஐந்து இளைஞர்கள் தங்களுக்குள் பேசி வகுத்துக்கொண்டார்கள்.

பாஷண்டேல் சேறு

மூன்றாம் ஈப்ர் போர் 1917 ஜூலை 31 அன்று தொடங்கி நவம்பர் 10 அன்று முடிந்தது. கடைசியில் கைப்பற்றப்பட்ட மேட்டூரின் பெயரால் அது பாஷண்டேல் என்றே நினைவில் நிற்கிறது. அந்த நிலப்பகுதி களிமண் பூமி. நீர் தேங்காமல் காப்பதற்காக உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டிப் பேணிவந்த தாழ்நிலம். தாக்குதலுக்கு முன் பிரிட்டிஷ் பீரங்கிகள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளை அந்த நிலத்தில் கொட்டின. வாய்க்கால்கள் சிதைந்தன. ஆகஸ்டில் வழக்கத்துக்கு மிஞ்சிய மழை. வடிய வழியில்லாத நீர் களிமண்ணோடு கலந்து, மனிதரையும் கோவேறு கழுதைகளையும் உயிரோடு விழுங்கும் சேறாயிற்று. மூன்றரை மாதத்தில் நேசநாடுகளின் படைகள் முன்னேறியது சில கிலோமீட்டர்தான். கொல்லப்பட்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என்று இரு தரப்பிலும் பல லட்சம் பேர்.

ஆகஸ்ட் 16 அன்று லாங்கெமார்க் சிற்றூரைக் கைப்பற்றும் தாக்குதலில் ஹாரியின் பட்டாளம் ஸ்டீன்பேக் என்ற சிற்றோடையைக் கடந்து முன்னேறியது. அந்த நாட்களில் அவர் கண்டவற்றுள் இரண்டு காட்சிகளை எண்பது ஆண்டுக்குப் பிறகும் எதுவும் மறக்காமல் விவரித்தார்.

முதலாவது, தம் பக்கத்துப் படைவீரர் ஒருவரின் சாவு. குண்டுச் சிதறலால் தோளிலிருந்து இடுப்புவரை பிளந்து கிடந்த அந்த இளைஞர், தம்மைச் சுட்டுவிடும்படி கேட்டார். கைத்துப்பாக்கியை எடுப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பிரியும்போது அவர் அழைத்தது அம்மாவை. அந்த அழைப்பில் வேதனை தெரியவில்லை, தாயை நேரில் கண்ட வியப்பே தெரிந்தது என்றார் ஹாரி. சாவு முடிவல்ல என்ற நம்பிக்கை தமக்கு அந்தக் கணத்தில் பிறந்தது என்றும் சொன்னார்.

இரண்டாவது, ஒரு ஜெர்மானியச் சிப்பாய் துப்பாக்கி முனையில் குத்துவாள் பொருத்தி அவரை நோக்கி ஓடிவந்த கணம். ஹாரியின் கையில் இருந்தது சுழல்துப்பாக்கி. வந்தவரின் தோளில் சுட்டார். துப்பாக்கி கீழே விழுந்தது. ஆனாலும் அவர் நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தார். அடுத்த குண்டை நெஞ்சில் பாய்ச்சலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. முடிவெடுக்கச் சில நொடிகளே இருந்தன. ஹாரி காலைப் பார்த்துச் சுட்டு அவரை வீழ்த்தினார். காயப்பட்ட அந்த மனிதர் சிறைப்பட்டிருப்பார், போர் முடிந்ததும் குடும்பத்திடம் திரும்பியிருப்பார் என்று ஹாரி பின்னாளில் நம்பினார். அதோடு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொன்னார். தம் நண்பர்களை இழந்த பிறகு அதே மனிதர் எதிரே வந்திருந்தால் தயங்காமல் கொன்றிருப்பேன் என்பது அது. இரக்கம், சினம் இரண்டையும் அவர் உள்ளபடியே சொன்னதால்தான் அவருடைய சாட்சியத்துக்கு மதிப்பு.

செப்டம்பர் 22

1917 செப்டம்பர் 22 இரவு. முன்வரிசையில் தங்கள் முறை முடிந்து குழு பின்வாங்கிக்கொண்டிருந்தது. திறந்த வெளியைக் கடக்கும்போது ஒரு குண்டு அவர்களுக்கு அருகில் வெடித்தது. தோட்டா சுமந்துவந்த மூவரும் அந்த இடத்திலேயே மாண்டார்கள். புதைக்க உடல்கூட மிஞ்சவில்லை. ஹாரி வெடிப்பின் வேகத்தில் தூக்கியெறியப்பட்டார். வயிற்றின் அடிப்பகுதியில் குண்டுச் சில்லு பாய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை.

கள மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள், வலி நிற்கவில்லை. அடுத்த நாள் மருத்துவர் வந்து, சில்லு உள்ளே தெரிகிறது, எடுத்துவிடலாம், ஆனால் மயக்க மருந்து தீர்ந்துவிட்டது என்றார். இரண்டு நிமிட வேலைதான் என்றும் சொன்னார். ஹாரி ஒப்புக்கொண்டார். நான்கு பேர் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் வெட்டி எடுத்தார். இரண்டு அங்குல நீளமுள்ள இரும்புத் துண்டு. நினைவுப் பொருளாக வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நண்பர்கள் மூவரும் மாண்ட செய்தி அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன்பின் ஆண்டுதோறும் செப்டம்பர் 22ஆம் நாளே அவருக்கு நினைவுநாள். நாடு முழுவதும் நவம்பர் 11 அன்று கூடி அஞ்சலி செலுத்துவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதைக் காட்சி என்றே கருதினார். செப்டம்பர் 22 அன்று யாரோடும் பேசாமல் தனித்திருப்பார். ஊரறியாத அந்த அஞ்சலி அவர் வாழ்நாள் முழுதும் நடந்தது.

காயம் அவரைப் பிரிட்டனுக்குத் திருப்பி அனுப்பியது. ஓராண்டுக்கும் மேல் தேறிவரும் நிலையில் கழிந்தது. போர்நிறுத்தச் செய்தி வந்தபோது அவர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வைட் தீவில் இருந்தார். மீண்டும் முனைக்குப் போக வேண்டிய அவசியம் அதோடு நீங்கியது.

தொழிலும் குடும்பமும்

மருத்துவமனைக் காலம் அவருக்குக் கொடுத்த ஒரே நற்பேறு ஏடா பில்லிங்டன் என்ற பெண்ணின் அறிமுகம். சட்டன் கோல்ட்ஃபீல்டில் உடல் தேறிவந்தபோது 1918இல் அவரைச் சந்தித்தார். 1919 செப்டம்பரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். ஏடா 1976இல் இறக்கும்வரை ஏறத்தாழ 57 ஆண்டுகள் அந்த இல்லறம் நீடித்தது.

போர்முனையிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில் ஹாரியின் கைத்தொழில் அவரைக் காத்தது. 1920களில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்ஸ் நினைவுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1925இல் திறக்கப்பட்ட அந்த உயர்ந்த கோபுரக் கட்டடத்தில் அவர் சில ஆண்டுகள் குழாய் வேலை செய்தார். எண்பது ஆண்டுகள் கழித்து, அக்கட்டடத்தை எழுப்பியவர்களில் உயிரோடிருப்பவர் அவர் ஒருவரே என்று தெரியவந்தபோது, 2005 டிசம்பரில் அதே பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்தது. பதினைந்து வயதில் படிப்பை விட்டவர், தம் கையால் குழாய் பதித்த கட்டடத்தின் பட்டதாரியானார். போருக்காகக் கிடைத்த பதக்கங்களோடு ஒப்பிடும்போது இந்தப் பெருமையே அவருடைய உழைப்புக்கு நேரடியாக உரியது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவருக்குப் படையில் சேரும் வயது கடந்திருந்தது. பாத் நகரில் பகுதிநேரத் தீயணைப்பாளராகச் சேர்ந்தார். 1942 ஏப்ரல் இறுதியில் ஜெர்மானிய விமானங்கள் பாத் நகரை அடுத்தடுத்த இரவுகளில் தாக்கின. ஜெர்மனியின் லூபெக் நகர்மீது பிரிட்டன் குண்டு வீசியதற்குப் பழிவாங்கலாக, ராணுவ முக்கியத்துவம் இல்லாத பழம்பெரும் நகரங்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய தாக்குதல்களில் அதுவும் ஒன்று. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் தந்தையைப் போன்ற கல்தச்சர்கள் செதுக்கிய நகரம் எரிந்தபோது, ஹாரி தண்ணீர்க் குழாயைப் பிடித்து நின்றார். முதல் போரில் அரசு அவர் கையில் கொடுத்தது துப்பாக்கி. இரண்டாம் போரில் அவராகத் தேர்ந்துகொண்டது தீயணைப்பு.

பின்னர் சாமர்செட்டின் ஸ்ட்ரீட் என்ற ஊரில் சொந்தமாகக் குழாய்த் தொழில் நடத்தி, 65 வயதில் ஓய்வு பெற்றார். ஏடா மறைந்த பின், எண்பதைத் தாண்டிய வயதில் மறுமணம் செய்துகொண்டார். அந்த மனைவியும் சில ஆண்டுகளில் இறந்தார். மகன்கள் இருவரும் அவருக்கு முன்னே காலமானார்கள். கடைசிக் காலத்தில் வெல்ஸ் நகரின் முதியோர் இல்லத்தில் இருந்தபோது, அங்கேயே வாழ்ந்த டாரிஸ் என்ற மூதாட்டி அவருக்குத் துணையானார். அவரும் 2007இல் மறைந்தார். நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கவேண்டிய விலை இது. தம் வயதொத்தவர்களையும் தமக்கு இளையவர்களையும் ஒவ்வொருவராக வழியனுப்பிய பிறகும் உறவு தேடும் மனம் அவரிடம் வற்றவில்லை.

எண்பது ஆண்டு மௌனம்

57 ஆண்டு உடன் வாழ்ந்த மனைவியிடமும் ஹாரி போரைப் பற்றிப் பேசியதில்லை. பிள்ளைகளிடமும் பேசவில்லை. படைப்பிரிவின் பழைய வீரர் கூட்டங்களுக்குப் போனதில்லை. போர்ப்படங்களைப் பார்த்ததில்லை. அவர் தலைமுறையில் இது அரிதானதல்ல. முனையிலிருந்து வந்தவர்கள் கண்டதைச் சொன்னால் வீட்டார் தாங்கமாட்டார்கள் என்று கருதினார்கள். சொல்லத் தெரிந்த மொழியும் அவர்களிடம் இல்லை. போரின் மனக்காயத்துக்கு மருத்துவ உலகம் அக்காலத்தில் கொடுத்த கவனமும் சொற்பம். ஆகவே வேலையிலும் குடும்பத்திலும் மூழ்கி, நினைவைப் பூட்டிவைப்பது ஒன்றே வழியாயிற்று.

பூட்டு எந்த அளவுக்கு உறுதியற்றது என்பதை முதியோர் இல்லத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி காட்டியது. அவருடைய அறைக்கு எதிரே துணிமணிகள் அடுக்கும் சிற்றறை ஒன்று இருந்தது. இரவில் பணியாளர் ஒருவர் அங்கே விளக்கைப் போட்டார். கதவின் மேலிருந்த கண்ணாடி வழியே வெளிச்சம் சட்டென்று அரைத்தூக்கத்திலிருந்த ஹாரியின் கண்ணில் பட்டது. அவருக்கு அது மின்விளக்காகத் தெரியவில்லை. 1917 செப்டம்பர் இரவில் வெடித்த குண்டின் ஒளியாகத் தெரிந்தது. எண்பது ஆண்டு இடைவெளியை ஒரு பொத்தான் அழித்துவிட்டது. தொழில், திருமணம், பிள்ளைகள், இன்னொரு உலகப் போர், ஓய்வு, முதுமை ஆகிய எதுவும் அந்தக் கணத்தை நகர்த்தியிருக்கவில்லை.

1998இல் அவர் நூறு வயதை எட்டியபோது, முதல் உலகப் போரின் எஞ்சிய வீரர்களைத் தேடிப் பதிவு செய்துகொண்டிருந்த பிபிசி ஆவணப்படக் குழு அவரை அணுகியது. தாம் பேசாவிட்டால் தம் நண்பர்கள் மூவரைப் பற்றிப் பேச யாருமே இருக்கமாட்டார்கள் என்பதை அவர் உணர்ந்தார். மௌனம் கலைந்தது. 2007இல், வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் வான் எம்டனோடு இணைந்து எழுதிய அவருடைய தன்வரலாறு வெளியானது. அந்த வருவாயைக் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதிலிருந்து வாங்கிய படகு அவர் பெயரையும் டாரிஸின் பெயரையும் தாங்கியது.

எதிர்வரிசைக்காரரோடு கைகுலுக்கல்

2004இல் பெல்ஜியத்தில் ஒரு சந்திப்பு நடந்தது. ஹாரிக்கு அப்போது 106 வயது. எதிரே சக்கர நாற்காலியில் இருந்தவர் 107 வயது சார்ல் குவென்ட்ஸ். அவர் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவர். அப்பகுதி அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்ததால் ஜெர்மானியப் படையில் பீரங்கி வீரராகச் சேர்க்கப்பட்டு, பாஷண்டேல் களத்தில் மறுபக்கம் நின்றவர். போர் முடிந்ததும் அல்சாஸ் பிரான்சோடு சேர்ந்தது, குவென்ட்ஸ் பிரெஞ்சுக் குடிமகனானார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அல்சாஸை மீண்டும் பிடித்துக்கொண்டது. அந்தப் போரில் அவர் தம் மகனைப் பறிகொடுத்தார். எந்தக் கொடியின்கீழ் போரிடுவது என்பதைக்கூடத் தாமாகத் தீர்மானிக்க முடியாத எல்லைப்புறக் குடும்பம் அது.

அந்தச் சந்திப்புக்கு ஹாரி உடனே இசையவில்லை. தயங்கித் தயங்கியே ஒப்புக்கொண்டார். நேரில் கண்டதும் தயக்கம் விலகியது. குவென்ட்ஸ் தம் ஊர் பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். ஹாரி சாமர்செட்டின் ஆப்பிள் மதுப் புட்டியைக் கொடுத்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஒரே மழையில், ஒரே சேற்றில் இருவரும் நனைந்தவர்கள் என்பது போதுமாயிருந்தது. போரால் எதுவும் தீரவில்லை, கடைசியில் மேசையில் உட்கார்ந்து பேசித்தானே முடித்தார்கள், அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்பது ஹாரியின் வாதம். படிப்பால் வந்த அமைதிவாதம் அல்ல அது. வயிற்றில் வடுவோடு நடந்த மனிதர் தம் அனுபவத்திலிருந்து எடுத்த முடிவு. குவென்ட்ஸ் 2005இல் காலமானார்.

மூன்றாம் ஈப்ர் போரின் தொண்ணூறாம் ஆண்டு நிறைவுக்காக ஹாரி 2007இல் மீண்டும் பெல்ஜியம் போனார். லாங்கெமார்க்கில் உள்ள ஜெர்மானியக் கல்லறைத் தோட்டத்தில் மலர்வளையம் வைத்தார். 44,000க்கும் மேற்பட்டோர் அடக்கமான இடம் அது. அவர்களில் பெரும்பகுதியினர் ஒரே பொதுக்குழியில் கிடக்கிறார்கள். ஈப்ர் நகரின் மெனின் வாயிலில், உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1914இல் அம்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களின் பெயர்களும் அச்சுவரில் உண்டு. 1917 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின் காணாமற்போன பிரிட்டிஷ் வீரர்களுக்கு மெனின் வாயிலில் இடம் போதவில்லை. அவர்களில் ஏறத்தாழ 35,000 பேருடைய பெயர்களை டைன் காட் நினைவுச்சுவர் சுமக்கிறது. எதிரியின் கல்லறைக்கும் மலர் கொண்டுபோனதன் பொருள் இந்த எண்ணிக்கைகளின் நடுவே வைத்துப் பார்க்கும்போது விளங்கும். 2008 செப்டம்பரில், ஸ்டீன்பேக் ஓடையை அவர் கடந்த இடத்தில் தம் தோழர்களுக்காக ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டபோது, 110 வயதில் நேரில் வந்து நின்றார்.

கடைசிச் சாட்சி

2008 நவம்பர் 11 அன்று, போர் முடிந்த தொண்ணூறாம் ஆண்டில், லண்டன் நினைவுத்தூண் முன் மூன்று முதியவர்கள் சக்கர நாற்காலியில் வந்தார்கள். விமானப்படைக்காக 112 வயது ஹென்றி ஆலிங்கம், கடற்படைக்காக 108 வயது பில் ஸ்டோன், தரைப்படைக்காக 110 வயது ஹாரி பேட்ச். அடுத்த ஜனவரியில் ஸ்டோன் காலமானார். 2009 ஜூலை 18 அன்று ஆலிங்கம் மறைந்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 25 அன்று, ஹாரி வெல்ஸ் நகர முதியோர் இல்லத்தில் கண்மூடினார்.

பிரான்ஸ் அவருக்கு 1999இல் லெஜியன் டானர் விருதை அளித்து, 2009இல் அதன் தரத்தை உயர்த்தியது. பெல்ஜியமும் விருது வழங்கியது. அன்றைய அரசவைக் கவிஞர் ஆண்ட்ரூ மோஷன் அவரைப் பற்றி நெடுங்கவிதை எழுதினார். ரேடியோஹெட் இசைக்குழு அவர் நினைவாக ஒரு பாடல் வெளியிட்டது. விருதுகளை அவர் தமக்குரியவையாக ஏற்கவில்லை, திரும்பி வராதவர்களின் சார்பில் வாங்கிக்கொள்வதாகவே சொல்லிவந்தார்.

2009 ஆகஸ்ட் 6 அன்று வெல்ஸ் பேராலயத்தில் இறுதிச்சடங்கு நடந்தது. மணி 111 முறை ஒலித்தது. அமைதியும் நல்லிணக்கமுமே சடங்கின் பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படி ஆயுதம் எதுவும், சடங்குக்கான வாள்கூட, உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அவருடைய படைப்பிரிவின் இன்றைய வாரிசான ரைஃபிள்ஸ் படையினர் பெட்டியைச் சுமந்தார்கள். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளின் இளம் வீரர்கள் இருவர் இருவராகப் பெட்டியோடு நடந்தார்கள். ராணுவச் சடங்கின் ஒழுங்கு குறையாமலே, ராணுவச் சடங்கின் வழக்கமான பொருள் முற்றிலும் மாறியிருந்தது. அதன்பின், கூம் டவுனை அடுத்த மாங்க்டன் கூம் சிற்றூர்த் தேவாலயத்தில், பெற்றோர் அடக்கமான இடத்தருகே குடும்பத்தார் அவரை நல்லடக்கம் செய்தனர்.

அவருக்குப் பின்னும் அந்தப் போர்க்காலச் சீருடை அணிந்த சிலர் உயிரோடிருந்தார்கள். கடற்படையில் பணியாற்றிய கிளாட் சூல்ஸ் 2011இல் இறந்தார். விமானப்படைத் துணைப்பிரிவில் உணவு பரிமாறிய ஃபுளோரன்ஸ் கிரீன் 2012இல் காலமானதோடு அந்தத் தலைமுறை முடிவுற்றது. ஆனால் பதுங்குகுழியில் நின்றவரின் நேர்வாக்கு ஹாரி பேட்சோடு நின்றுவிட்டது.

அவரை நினைவுகூரும் முறையை அவரே வகுத்துக் கொடுத்துச் சென்றிருக்கிறார். போரைப் பேசும்போது இரு தரப்பு இறந்தோரையும் சேர்த்தே பேச வேண்டும். பெயர் தெரிந்த தளபதிகளுக்கு முன், உடல் கிடைக்காத மூன்று சிப்பாய்களை நினைக்க வேண்டும். நினைவைச் சடங்காக்கிச் செயலை மறக்கக் கூடாது. இவற்றோடு, அவர் சொல்லாமலே விளங்குவது ஒன்று உண்டு. அந்த நான்கு மாதம் அரசு அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஈயம் உருக்கிய கைத்தொழில், 57 ஆண்டு இல்லறம், எரியும் நகரில் பிடித்த தண்ணீர்க் குழாய், எதிரிக்கு நீட்டிய கை ஆகியவை அவர் தாமாக வாழ்ந்தவை. படைவீரர் என்ற ஒரு சொல்லுக்குள் அவரை அடக்கினால் அந்த வாழ்வின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். இரண்டையும் அதனதன் அளவில் வைத்துப் பார்ப்பதே ஹாரி பேட்சுக்குச் செய்யும் நேர்மையான அஞ்சலி.